பத்து மணிக்கெல்லாம் படுத்தாச்சு

ஜனவரி 9

மகாராணிக்கு,

முதலில் ஓர் எச்சரிக்கை. உள்ளே வரும் கடிதத்தையும் வெளியே போகும் கடிதத்தையும் பிரித்துப் பார்க்க இந்தச் சிறையில் ஓர் ஐயா இருக்கிறார். அவருக்கும் சேர்த்து வணக்கம். ஐயா, இதில் காதல் வசனம் எதுவும் கிடையாது, ஏமாற வேண்டாம்.

நான் இருக்கிறேன். என்னைத் தையல் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருடம் பஸ் ஓட்டிய கை, ஊசியில் நூல் கோக்கத் திணறுகிறது. பக்கத்தில் உட்காருபவன் வீடு புகுந்து திருடியவன். அவனுடைய தையல் முத்து முத்தாக இருக்கிறது. இவ்வளவு தூரம் நீ பார்க்க வர வேண்டாம், சலவையில் லீவு தரமாட்டார்கள். எழுது, போதும்.

ஓர் உதவி வேண்டும். ஊர் விஷயம். இதைப் படிக்கும்போதே உன் மூக்கு விடைப்பது இங்கிருந்து தெரிகிறது. பிரித்துப் பார்க்கும் ஐயாவுக்காகச் சொல்லிவிடுகிறேன், தப்பிக்கத் திட்டம் போடுகிறான் என்று நினைத்துவிடப் போகிறார். ஊர் என்று நாங்கள் சொல்வது மாதாமாதம் சந்தா கட்டி ஆடும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை. அதற்குள் மலை, கடல், சந்தை, ஆயிரக்கணக்கில் ஆட்கள். கூட்டமாகப் போய்ப் பூதங்களோடு சண்டை போடுவோம். நான் கேடயம் பிடித்து முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்கிக்கொள்பவன். அதனால் அங்கே எனக்குச் 'சுவர்' என்று பெயர்.

கடற்கரையோரம் எனக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது. அது கிடைக்க எத்தனை காலம் வரிசையில் நின்றேன் என்று உனக்குத் தெரியும். சொந்தக்காரன் ஒரு மாதத்துக்கு மேல் காலெடுத்து வைக்காவிட்டால் வீட்டை இடித்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜாமீனில் இருந்தபோது யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இனி நீதான் போக வேண்டும். மாதம் ஒருமுறை. கதவைத் திற, உள்ளே நில், வந்துவிடு. கடவுச்சொல் நம் கல்யாண நாள்.

யாராவது பேசினால், அவர் கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல். அப்படித்தான் அங்கே ஒரு செய்தி எழுதி வைத்துவிட்டு வந்தேன். அவர்களுக்கு என் முகம் தெரியாது, பெயர் தெரியாது. அந்தப் பெண் என் பஸ்ஸில் அடிபட்டுச் செத்ததும் தெரியாது. இந்த உலகத்தில் என்னைக் கொலைகாரன் என்று நினைக்காத ஐந்தாறு பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்றால் அது அங்கேதான்.

உன்னுடைய
நான்


ஜனவரி 24

என்னங்க,

கல்யாண நாளைப் போட்டேன், திறக்கவில்லை. மறுபடி போட்டேன், திறக்கவில்லை. கடைசியில் அதற்கு மறுநாளைப் போட்டேன், திறந்துகொண்டது. வருடா வருடம் ஒரு நாள் தள்ளி என்னை வாழ்த்தியவர் வேறு எதைப் போட்டு வைத்திருப்பீர்கள்?

ஒரு செய்தி சொல்லாமல் இருந்தேன். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மனிதர் நேராகச் சொல்லவில்லை. மகனுக்குக் கல்யாணம், இடம் வேண்டும் என்றார். அவர் மகன் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான்.

இப்போது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறேன். கட்டில், அடுப்பு, உங்கள் கம்ப்யூட்டர். கீழே மெஷின் ஓட ஓடத் தரை நடுங்குகிறது. கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்று ஒருவரை வரச் சொல்லியிருந்தேன், உங்கள் கடிதம் வந்ததால் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆக, இருந்த வீடு போயிற்று, இல்லாத வீட்டைக் காப்பாற்ற நான் ஓட வேண்டும். நல்ல நியாயம்.

ஹோட்டல் சலவையில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் கஷ்டம். ஈர விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றால், மறுமுனையைப் பிடிக்க யார் வருவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள்.

சலூன்காரரைப் பார்த்தேன். செத்துப்போன பெண்ணின் அண்ணன்தான். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் அவர் கடை. தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். "ஏம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு போறீங்க? நீங்க கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணிச் சொன்னதை நான் நம்புறேன். மனுஷன் பத்து மணிக்கே படுத்துத் தூங்கி எந்திரிச்சுத்தான் வண்டி எடுத்திருக்கார். ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்தா அவர் என்ன பண்ணுவார்? என் தங்கச்சி விதி அவ்வளவுதான்" என்றார். நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெருவில் நின்று அழுதேன்.

உங்கள் வீட்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். உள்ளே கொம்பு வைத்த தலை ஒன்று மாட்டி வைத்திருக்கிறீர்கள். பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த மாதமும் போவேன், கேட்டுவிட்டீர்களே என்பதற்காக மட்டும்.

நான்


பிப்ரவரி 12

தங்கமே,

போனாயே! உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் கடை மாடியைப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வந்ததும் எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம்.

அந்தத் தலையைப் பழிக்காதே. அவன் கொம்பரசன். மாதக்கணக்கில் எங்களை அடித்துத் துவைத்தவன். ஒருவழியாக அவனை வீழ்த்தியபோது தலை யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஓட்டு எடுத்தார்கள். எல்லோரும் சுவர் வீட்டில் என்றார்கள். என் வாழ்க்கையில் ஓட்டில் ஜெயித்தது அது ஒன்றுதான்.

நீ எப்போதும் கேட்பாய், இலவசமாக ஆயிரம் விளையாட்டு கிடக்க, பொம்மை மாதிரி படம் தெரியும் இந்தக் கிழட்டு விளையாட்டுக்கு எதற்கு மாதாமாதம் காசு அழ வேண்டும் என்று. அப்போது பதில் தெரியாமல் கத்தினேன். இங்கே யோசிக்க நேரம் கொட்டிக் கிடக்கிறது. ஓசியில் வருபவன் வழிப்போக்கன். இன்று இந்தக் கடை, நாளை வேறு கடை. சந்தா கட்டுகிறவன் அடுத்த மாதமும் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். நானும் கட்டுகிறேன், அவனும் கட்டுகிறான், அதனால் இரண்டு பேரும் அண்டை வீட்டுக்காரர்கள். டிப்போவில் என்னை வண்டி எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அங்கே நான் கொஞ்சம் தாமதமாகப் போனால் சுவர் எங்கே, சுவர் எங்கே என்று தேடினார்கள். மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும், சொல்.

வக்கீல் அம்மா வந்திருந்தார். என்னை முன்கூட்டியே விடுவதா என்று பார்க்க ஜூன் மாதம் ஒரு குழு உட்காருகிறதாம். இரண்டு பேரைக் கேட்பார்கள். ஒன்று நீ. வழக்கில் சொன்னதையே மறுபடி சொன்னால் போதும். இன்னொருவர் சலூன்காரர். ஆட்சேபம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி. அவர் உன்னோடு நல்லபடியாகப் பேசியதைப் படித்து எனக்கு ஒரு பிடி உயிர் வந்தது. அவரோடு இரண்டு வார்த்தை முகம் கொடுத்துப் பேசி வை.

உன்னுடைய
நான்


மார்ச் 30

என்னங்க,

திட்டாதீர்கள். மாதம் ஒருமுறை போகச் சொன்னீர்கள். நான் வாரத்தில் மூன்று நாள் போகிறேன்.

இரண்டாம் தடவை போனபோது வீட்டு வாசலில் ஒரு அம்மா வாளோடு நின்றுகொண்டிருந்தார். "சுவர்! வந்துட்டியா!" என்று எழுத்து ஓடியது. நான் சுவர் இல்லை, அவர் சம்சாரம் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். தட்டி முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். "அண்ணியா! ஐயோ, வாங்க, உக்காருங்க" என்றார். எந்தப் பொத்தானை அழுத்தினால் உட்காருவது என்று தெரியாமல் கடலில் போய் விழுந்தேன். அவரே குதித்து இழுத்து வந்தார். உங்கள் கூட்டத்தில் அவருக்குப் 'பல் டாக்டர்' என்று பெயராம். நிஜமாகவே பல் டாக்டராம். பகலெல்லாம் வாயைத் திறந்தபடி இருப்பவர்களிடம் தனியாகப் பேசிப் பேசி, பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று இங்கே வருகிறாராம்.

ஆந்தை என்பவரும் வந்தார். ஏதோ தொழிற்சாலையில் இரவுக் காவலாம். சம்சாரம் தவறிய பிறகு, ஒரு வாரம் முழுக்க யாரிடமும் வாய் திறக்காமல் இருந்து பார்த்திருக்கிறார். முடிந்ததாம். அது முடிந்ததுதான் பயமாக இருந்தது என்றார்.

அவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. உங்கள் கணக்கிலேயே எனக்கு ஒரு உருவம் செய்து, ஒரு கோலையும் கையில் கொடுத்துவிட்டார்கள். சண்டையில் அடிபட்டவர் பக்கம் கோலை நீட்டினால் அவர் எழுந்து நிற்கிறார். சலவையில் நாள் முழுக்க விரிப்பு மடிக்கிறேன். மறுநாள் அத்தனையும் அழுக்காகித் திரும்பி வரும். யார் மடித்தது என்று அதில் படுத்தவர் ஒருத்தராவது கேட்டிருப்பாரா? இங்கே "அண்ணி, உயிர் குடுத்தீங்க" என்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பொய் சொல்லச் சொல்லக் கப்பல் பெரிதாகிக்கொண்டே போகிறது. நீங்கள் இப்போது அதில் இரண்டாம் எஞ்சினியர்.

ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருடம் அந்தப் பின் அறைக் கதவை ஏன் சாத்தினீர்கள்? பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேனே. பிள்ளை இல்லாத வீட்டில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீங்கள் உள்ளே சுவராக இருந்தீர்கள்.

நான்


ஏப்ரல் 17

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாமல் என்ன.

வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போனவள் வீட்டுக்காரியாகிவிட்டாய் போலிருக்கிறது. வியாழக்கிழமைச் சண்டையில் என் இடத்தில் யார் நிற்கிறார்கள்? எழுதவே இல்லையே. புது ஆளை வைத்திருந்தால் வைத்திருக்கட்டும். கேட்டால் சொல், திரும்பி வந்ததும் என் கேடயத்தை நானே எடுத்துக்கொள்வேன் என்று.

நாற்காலி விஷயத்துக்கு என்ன சொல்வது. நீ உள்ளே வந்திருந்தால் நான் உன் புருஷனாக இருந்திருப்பேன். அங்கே நான் அது எதுவும் இல்லாமல் இருந்தேன். இது உனக்குப் புரியுமோ புரியாதோ.

அவர்களோடு பேசு, சண்டை போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய கதையை மட்டும் கிளறாதே. அவர்கள் சும்மா இருந்தாலும் அந்தப் பல் டாக்டர் வாய் சும்மா இருக்காது. ஊர்க்கதை எல்லாம் காதில் வாங்காதே.

குழு ஜூன் பதின்மூன்றாம் தேதி கூடுகிறது. பத்து மணி. அது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

உன்னுடைய
நான்


மே 20

இன்றைக்கு அந்தப் பெண் செத்து ஒரு வருடம்.

நேற்று மாலை சலவையிலிருந்து வரும்போது பார்த்தேன். சலூன் பூட்டிக் கிடந்தது. அறையில் தனியாக இருக்கப் பயந்துகொண்டு ஊருக்குப் போனேன். உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. எல்லோரும் கூடியிருந்தார்கள். கொம்பரசன் விழுந்து ஒரு வருடமாம், கொண்டாட்டமாம்.

ஒரு வருடமா என்று கேட்டேன். இதே ராத்திரி என்றார்கள்.

பல் டாக்டர் கதை சொல்ல ஆரம்பித்தார். "அதை ஏன் கேக்கறீங்க அண்ணி. பத்து மணிக்கெல்லாம் படுத்தாச்சு."

அது உங்கள் வாக்கியம். அந்தக் காலையில் நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னது. முந்தின ராத்திரி நான் சீக்கிரமே தூங்கிவிட்டதால், 'எப்போ படுத்தீங்க?' என்று கேட்டேன். 'பத்து மணிக்கெல்லாம் படுத்தாச்சு' என்றீர்கள். முதல் பஸ் எடுக்க வேண்டிய மனிதர் நேரத்தோடு படுத்தாரே என்று எனக்கு நிம்மதி. அதனால்தான் அந்த வார்த்தை நினைவில் நின்றது. அதனால்தான் கூண்டில் தடுமாறாமல் சொன்னேன்.

"யார் படுத்தது?" என்று தட்டினேன்.

"எல்லாரும்தான். மொத்தக் கூட்டமும். படுத்தாச்சுன்னா செத்தாச்சுன்னு அர்த்தம் அண்ணி. சண்டையில விழுந்தா நாங்க அப்படித்தான் சொல்லுவோம். பத்து மணிக்கு முதல் தடவை படுத்தோம். அப்புறம் விடிய விடியப் படுத்துக்கிட்டேதான் இருந்தோம். எனக்குக் கண்ணைச் சுத்திடுச்சு, போறேன்னேன். சுவர்தான் விடல. 'நான் முதல் பஸ் எடுக்கணும், எனக்கே கவலை இல்ல, உங்களுக்கு என்ன? இன்னும் ஒரே தடவை'ன்னாரு. அந்தத் தடவைதான் விழுந்தான் கொம்பன்! சுவர் அழுதுட்டாரு. அதுக்கப்புறம் அவரை நாங்க பார்க்கவே இல்ல. பஸ்ஸை விட்டுட்டுக் கப்பலுக்குப் போயிட்டாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆந்தை வாணம் விட்டார். நான் உங்கள் வீட்டு நடுவில் கோலோடு நின்றுகொண்டிருந்தேன்.

செத்துப்போன அந்தப் பெண் பள்ளிக்கூடத்தைத் திறந்து பெருக்கத்தான் அந்த நேரத்தில் சாலையைக் கடந்தாள். நீங்கள் பிரேக் போட்ட தடமே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். ஸ்டியரிங் மேல் ஏற்கெனவே புகார் இருந்ததால் நீங்கள் சொன்னது பாதி எடுபட்டது, தண்டனை குறைந்தது. மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். நான் கூண்டில் நின்று சத்தியம் செய்தபோது நீங்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். எனக்குத் தைரியம் கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பிரித்துப் படிக்கும் ஐயா, நிதானமாகப் படியுங்கள்.


மே 29

பிரித்துப் பார்க்கும் ஐயா பெண்டாட்டிகளின் புலம்பலை இரண்டு வரிக்கு மேல் படிப்பதில்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பிழைத்தோம். இதை அவர் கையில் கொடுக்கவில்லை, நாளை விடுதலையாகிற ஒருவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. நிதானமாக யோசி. வருடக்கணக்கில் வாயில் ஊறிய வார்த்தை. தலை முழுக்கக் கொம்பரசன். நீ கேட்டாய், அது வந்து விழுந்தது. பத்து மணிக்குப் படுத்தாச்சு என்பது உண்மைதானே? நீ அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டாய். உன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் போய் யார் திருத்துவார்கள்? வண்டிக்கும் நேரமாகிவிட்டது.

கூண்டில் நீ அதையே சொன்னபோது திருத்தியிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். நீ என் இடத்தில் நின்றிருந்தால் திருத்தியிருப்பாயா?

எனக்கு அன்று தூக்கமே வரவில்லை, அதைத் தெரிந்துகொள். ஜெயித்த வேகத்தில் உடம்பெல்லாம் லேசாக இருந்தது. டிப்போவில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். கண்ணாடி துடைத்தேன். பள்ளிக்கூட முனை வரைக்கும் எல்லாம் நினைவில் இருக்கிறது. முனையில் ஒரு நொடி. அந்த நொடியில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. அடுத்தது சத்தம்தான்.

மாற்றிச் சொல்லலாம் என்று உனக்கு எண்ணம் வந்திருக்கும். உன்னை எனக்குத் தெரியும். பொய்ச் சாட்சி என்று அது உன் மேலேயே திரும்பும். தெரியாமல் சொன்னேன் என்றால் யார் நம்புவார்கள்? செத்தவள் எழுந்து வரப்போவதில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நான் ஒரே ஒரு பொய்தான் கேட்கிறேன், அதுவும் நீ ஏற்கெனவே சொன்னது.

சலூன்காரருக்கும் அதுதான் நல்லது. மனிதர் இப்போதுதான் ஆறியிருக்கிறார். ஆறிய புண்ணைக் கிளறி என்ன காணப்போகிறாய்?

உன்னுடைய
நான்


ஜூன் 15

குழு கூடுவதற்கு முந்தின நாள் சலூனுக்குப் போனேன்.

உட்காரச் சொன்னார். அங்கே இருப்பது முடிவெட்டும் நாற்காலி ஒன்றுதான், அதில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடி. என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் பின்னால் நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி கேட்டார்.

விளையாட்டு என்றதும் அவருக்குப் பிடிபடவில்லை.

"சீட்டாட்டமா?"

"இல்லைங்க."

"பந்தயம் கட்டி ஆடுறதா?"

"அதுவும் இல்லைங்க. மாசாமாசம் நாமதான் பணம் கட்டணும்."

"அப்போ ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

ஒரு தலை என்றேன். கொம்பு வைத்த தலை, வீட்டில் மாட்டி வைக்க.

அவர் துண்டை எடுத்து மடித்தார். உதறினார். மறுபடி மடித்தார். "நான் விதின்னு சொல்லிட்டேனேம்மா" என்றார். "எங்கம்மாகிட்ட ஒரு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். விதிம்மா, விதிம்மான்னு. இப்பதான் ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிட ஆரம்பிச்சாங்க. நான் இன்னைக்குப் போய் என்ன சொல்லட்டும்?"

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கடையை விட்டு இறங்கும்போது, "இனிமே இந்தப் பக்கமா போகாதீங்கம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுநாள் குழுவின் முன்னால் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னேன். வக்கீல் அம்மா மேசைக்கடியில் என் கையை நசுக்கினார். என் மேலும் வழக்கு வரும் என்றார்கள். வரட்டும் என்றேன்.

நீங்கள் கேட்டிருந்தீர்கள், உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் திருத்தியிருப்பேனா என்று. திருத்திவிட்டேன்.


ஜூலை 4

மனுவைத் தள்ளிவிட்டார்கள். பழைய வழக்கையும் திரும்ப எடுக்கிறார்கள். எத்தனை வருடம் ஏறும் என்று வக்கீல் அம்மா சொல்லவில்லை. கைப்பையை மூடி மூடித் திறந்தார், அதிலேயே தெரிந்தது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கோபம் இருக்கிறது. சாப்பிடும்போது வருகிறது, தைக்கும்போது வருகிறது. நீ செய்ததுதான் சரி என்றும் தெரிகிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கண்ணை மூடினால் அந்தப் பெண்ணின் முகம் வர வேண்டும், இல்லையா? வருவதில்லை. வரவழைக்கப் பார்க்கிறேன், கடற்கரைதான் வருகிறது. அந்த வீடு, அந்த அலை, பல் டாக்டர் வாளைச் சுழற்றிக்கொண்டு ஓடிவருவது. ஒரு கொலைகாரனுக்கு இவ்வளவு அழகான கனவு வரலாமா? இங்கே மற்றவர்கள் ராத்திரியில் அலறுகிறார்கள். நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அவர்களிடம் சொல்லிவிடாதே. எனக்காக வேண்டாம், ஆந்தைக்காக. இன்னும் ஒரே தடவை என்று நான் கேட்டபோது, முதலில் சரி என்று சொன்னவர் அவர்தான். தெரிந்தால் மனிதர் தாங்க மாட்டார். அவர்களுக்காவது அது ஒரு நல்ல ராத்திரியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்


செப்டம்பர் 25

என்னங்க,

சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டுக்கொண்ட பிறகும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்தேன். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று ஆந்தை கேட்டார். இன்னொரு துறைமுகத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு வியாழக்கிழமை, சண்டைக்குக் கிளம்பும் முன், குகை வாசலில் எல்லோரும் நிற்கும்போது முழுவதையும் தட்டினேன். எனக்கு இப்போது வேகமாகத் தட்ட வருகிறது. அவர்கள் உருவம் ஒவ்வொன்றும் அசையாமல் நின்றது. பிறகு ஒவ்வொருவராக மறைந்தார்கள். ஆந்தை மட்டும் நின்றார். "நான் சரின்னு சொன்னேனே அண்ணி" என்று எழுதினார். நான் பதில் தட்டி முடிப்பதற்குள் அவரும் போய்விட்டார்.

அந்த வாரம் யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. முடிந்தது, நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கணக்குக்கு மறுபடி சந்தா கட்டவில்லை. வீட்டை இடித்திருப்பார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் பல் டாக்டர் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். நம்பரை எப்போதோ கொடுத்திருந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உங்களைப் பற்றியும் இல்லை. "வியாழக்கிழமை ஆள் குறையுது. வருவீங்களா அண்ணி?" என்று மட்டும்தான்.

என் பெயரில் ஒரு சந்தா கட்டிக்கொண்டு போனேன்.

இதற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். நானே வைத்துப் பார்த்துவிட்டேன். உங்களை உள்ளே தள்ளிவிட்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் எதனால் செத்தாள் என்று தெரிந்தும் அங்கேதான் போகிறேன். வேறு எங்கே போவது? சலூன் தெரு வேண்டாம் என்று சுற்றி நடக்கிறேன். என் வழக்கு அடுத்த மாதம். கீழே ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தியதும் இந்த அறையில் ஓர் அமைதி வரும், அது உங்களுக்குத் தெரியாது. அங்கே ஆந்தை வருகிறார், முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறார். யாரும் அந்த ராத்திரியைச் சொல்வதில்லை. எல்லோரும் வருகிறார்கள்.

உங்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் இன்னும் ஒரே தடவை என்ற வார்த்தை ஒரு மனிதரின் வாயில் எப்படி வருகிறது என்று இப்போது தெரியும். போன வியாழக்கிழமை எல்லோரும் களைத்துப்போய்க் கிளம்பியபோது அதைச் சொன்னது நான்தான். இரண்டு தடவை சொன்னேன்.

விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனேன். இப்போதெல்லாம் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்காமல் நான் எந்தப் பஸ்ஸிலும் ஏறுவதில்லை. படிக்கட்டில் நின்று பார்த்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த கண். அவர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ராத்திரி தூங்கலையா?" என்றார். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தேன்.

நான்